பைக்கில் பேட்டரி சார்ஜர் ஒயரை வெளியே தெரியாமல் பதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்காக, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் வாங்கினால், பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு விதமான ஒயர் இருக்கும். ஒன்றின் முனையில் கவ்விப் பிடிக்கும் கிளிப். இன்னொன்றின் முனையில் வளைய லக், அதாவது பேட்டரி போல்ட்டில் கோத்து முடுக்கும் உலோக வளையம். கிளிப்பைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் சீட்டையோ சைடு கவரையோ கழற்ற வேண்டும். வளைய லக் ஒயரைப் பேட்டரியிலேயே முடுக்கி வைத்துவிட்டால், வெளியே எட்டும் இடத்தில் இருக்கும் கனெக்டரில் சார்ஜரைச் செருகினால் போதும்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதில் இந்த வேலையைச் செய்து பழகிய பிறகு, நண்பர்கள் வண்டிகளிலும் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்திருக்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். முதலில் பேட்டரியில் முடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் மிச்ச ஒயரை எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே திணிக்கிறார்கள். கடைசியில் கனெக்டர் சைலன்சர் பக்கம் தொங்கும், அல்லது அரை மீட்டர் ஒயர் சீட்டுக்கு அடியில் கசங்கிக் கிடக்கும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கனெக்டர் நிற்கப்போகும் இடத்தில் தொடங்கி, உள்ளே வந்து, பேட்டரியைக் கடைசியாகத் தொடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஃபியூஸ் உள்ள வளைய லக் ஒயர், வண்டியோடு வந்த டூல்ஸ், பேட்டரி போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும், ஒரு சாதாரண மல்டிமீட்டர். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

டேப் விஷயத்தில் மட்டும் கவனம். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் பளபளப்பான இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில், சீட்டுக்கு அடியில், பசை உருகிப் பிசுபிசுவென்று நழுவிவிடும். வண்டியின் ஒயரிங்கில் கம்பெனியே சுற்றியிருக்கும் கருப்புத் துணி டேப் வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகள் இருக்கின்றன. சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

கேபிள் டை கருப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை டை வெயில் பட்டு நாளடைவில் முறியும். ஒயருக்கு மேலே போட நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர், ஒரு பேப்பர் டேப், கொஞ்சம் சணல் அல்லது நூல். நகவெட்டி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

2. பேட்டரியை ஒரு தடவை அளந்து பாருங்கள்

வண்டியை ஓட்டி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து அளங்கள். ஈயமும் அமிலமும் உள்ள வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் சார்ஜ் போட வேண்டிய நேரம். 12க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி நன்றாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்து சார்ஜர் போட்ட பிறகு அளக்கும்போது ஒப்பிட இது வேண்டும்.

பேட்டரியின் வகையையும் இப்போதே பாருங்கள். லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும். லெட் ஆசிட் சார்ஜர்கள் சிலவற்றில், பழுதடைந்த பேட்டரியை மீட்க வோல்டேஜை ஏற்றும் முறை ஒன்று இருக்கும். அது லித்தியம் பேட்டரியைக் கெடுத்துவிடும். லெட் ஆசிட் என்றால், சார்ஜர் தரும் ஆம்பியர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர் மணி (Ah) எண்ணில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. 8 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.8 முதல் 1 ஆம்பியர் வரை போதும்.

3. கனெக்டர் எங்கே நிற்கும் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்தில், வழக்கமாக நிறுத்துவது போலவே சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சுவர் பிளக் எந்தப் பக்கம் இருக்கிறது, சார்ஜர் எங்கே உட்காரும், நீங்கள் எந்தப் பக்கம் குனிவீர்கள் என்று பாருங்கள். பலர் இதை நடு ஸ்டாண்டில், முற்றத்தில் வைத்துச் செய்துவிட்டு, இரவில் பார்க்கிங்கில் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவுகிறார்கள்.

நல்ல இடத்துக்கு நான் பார்க்கும் அடையாளங்கள் இவை. கவர் எதையும் கழற்றாமல் இரண்டு விரலால் கனெக்டரை வெளியே இழுக்க முடிய வேண்டும். எதிரே நின்று பார்த்தால் கண்ணுக்குப் படக்கூடாது. சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராகப் படக்கூடாது. சைலன்சரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். சைலன்சர் வலப்பக்கம் உள்ள வண்டிகளில் இடப்பக்கம்தான் குளிர்ச்சியான பக்கம். ஆனால் செயின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் இதற்குத் தோதான இடம் சைடு கவரின் கீழ் ஓரத்துக்கு உள்பக்கம், அல்லது சீட்டின் கீழ் விளிம்பும் சேஸிஸ் குழாயும் சேரும் இடம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அங்கே சேறு குறைவு, குனிய வேண்டியதும் இல்லை.

கனெக்டரின் வாய் தரையைப் பார்த்து நிற்க வேண்டும். மேலே பார்த்து நின்றால், ரப்பர் மூடி போட்டிருந்தாலும், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே தங்கிப் பித்தளையில் பச்சை பூத்துவிடும்.

4. நூல் பிடித்து வழியைக் கண்டுபிடியுங்கள்

இப்போது சீட்டையும் சைடு கவரையும் கழற்றுங்கள். ஒயரை இன்னும் எடுக்க வேண்டாம். கனெக்டர் இடத்திலிருந்து பேட்டரி வரை சணலை ஓட்டிப் பாருங்கள். சணலை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிடுங்கி மாற்றலாம்; ஒயரை அப்படி இழுத்தால் லக் மாட்டிக்கொண்டு எங்கேயாவது கீறும்.

வண்டியில் ஏற்கெனவே ஓடும் ஒயர்க் கட்டின் பக்கத்திலேயே போவதுதான் பாதுகாப்பு. சூடும் அசைவும் இல்லாத பாதையைப் பார்த்துத்தான் கம்பெனி அதைப் போட்டிருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களோடு இதைச் சேர்த்துக் கட்டவே கூடாது: பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், கிளட்ச்–ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள். கேபிள் அசைய வேண்டிய பொருள். அதை இறுக்கினால் ஆக்ஸிலரேட்டர் திரும்பி வராமல் போகலாம். ஸ்பார்க் பிளக் ஒயரிலிருந்தும் தள்ளியே இருங்கள்.

தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி என்றால், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழே இறங்கும். பேட்டரியின் வாயு போகும் வழி அது. டை போட்டு அதை நெரித்துவிடாதீர்கள்.

சணல் ஓடியதும் வண்டியை அசைத்துப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். இரண்டு பேரை ஏறி உட்காரச் சொல்லி, பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது சணல் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். நின்ற வண்டியில் தாராளமாகத் தெரியும் இடைவெளி ஆள் ஏறியதும் காணாமல் போகும்.

5. சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா?

இந்தப் படியை நான் முதல் தடவை விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், சீட் அடித்தட்டின் ஒரு விளிம்பு பாசிட்டிவ் ஒயரைச் சேஸிஸில் வைத்து நசுக்கியிருந்தது. சிவப்பு உறை வெட்டுப்பட்டு, உள்ளே செம்பு இழைகள் பளிச்சென்று தெரிந்தன. ஃபியூஸ் போய்விட்டது. ஃபியூஸ் இல்லாமல் இருந்திருந்தால் ஒயர் பற்றியிருக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க்.

சோதிக்கும் வழி எளிது. சப்பாத்தி மாவு கொஞ்சம் எடுத்து, விரல் பருமனுக்கு உருட்டி, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, ஒயர் போகப்போகும் பாதையில் வையுங்கள். சீட்டை மாட்டிப் பூட்டி, நன்றாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். சீட்டைத் தூக்கினால் மாவு எங்கே எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று தெரியும். குழாய் போட்ட ஒயரின் பருமனைவிட மெல்லிசாக நசுங்கிய இடம் எதுவோ, அந்த இடத்தைத் தவிர்த்து வேறு வழி பாருங்கள்.

சைடு கவரிலும் இதையே செய்யலாம். கவரின் பின்புற முனைகள் ரப்பர் ஓட்டைகளில் போய் அமரும். அதன் நடுவே ஒயர் மாட்டினால் கவர் சரியாக அமராமல், ஓடும் வழியில் கழன்று விழும்.

6. ஒயரைத் தயார் செய்யுங்கள்

முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அது திரும்ப வர வேண்டும்.

சணலின் நீளத்தோடு ஒரு சாண் சேர்த்து அளங்கள். ஒயர் அதைவிட அரை அடி வரை கூடுதலாக இருந்தால் அப்படியே விடுங்கள். அதற்கு மேல் இருந்தால் நடுவில் வெட்டி, மிச்சத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டுப் போட்டுச் சுருக்கலாம். பேட்டரியில் மாட்டியிருக்கும்போது வெட்டவே கூடாது. கட்டர் இரண்டு ஒயரையும் ஒன்றாகக் கடித்தால் ஷார்ட்தான். இரண்டு ஒயரிலும் ஒரே இடத்தில் ஒட்டுப் போடாமல் இரண்டு அங்குலம் முன்பின்னாகப் போடுங்கள். ஒன்றின் உறை கிழிந்தாலும் மற்றதின் மேல் படாது. ஒவ்வொரு ஒட்டையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். இப்போது கழன்று வராதது பிறகும் வராது.

வெட்டத் தயங்குகிறீர்களா? மிச்சத்தை வட்டமாகச் சுருட்டி அமுக்காமல், நீளவாக்கில் மடித்து இரண்டு இடத்தில் டேப் சுற்றுங்கள். தட்டையாக இருக்கும், சந்தில் படுத்துக்கொள்ளும்.

ஃபியூஸ் பெட்டி பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்கு மிக அருகே இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதே சமயம், பேட்டரியை வெளியே எடுக்காமல் ஃபியூஸை மாற்ற முடிய வேண்டும். இதை மறந்து பேட்டரியின் பின்னால் திணித்தவர்கள் வழியில் நின்று கஷ்டப்படுவார்கள்.

இப்போது நெளிவுக் குழாயை மாட்டி, இரண்டு முனையிலும் துணி டேப் சுற்றுங்கள். உராய்வுக்கு மட்டும் இல்லை, எலிக்கும் இந்தக் குழாய் கொஞ்சம் தடை. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில்தான் எலி ஒயரைக் கடிக்கும், இந்த ஒயர் போடுவதும் அந்த வண்டிக்குத்தான்.

7. பேப்பர் டேப்பில் ஒட்டி ஒரு நாள் ஓட்டுங்கள்

வளைய லக் இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி மூடுங்கள். பேட்டரியில் இன்னும் மாட்டவில்லை. கனெக்டரை அதன் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து உள்நோக்கி, பேப்பர் டேப் வைத்து ஒயரை ஒட்டிக்கொண்டே வாருங்கள். கவர்களை மாட்டி, வழக்கமாகப் போகும் வழியில், வேகத்தடைகள் மேல், ஒரு நாள் ஓட்டுங்கள்.

திரும்பி வந்து திறந்தால் எங்கே டேப் உரிந்திருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது என்று தெரியும். உரிந்த இடத்தில் ஒயர் இழுபடுகிறது. இளகிய இடத்தில் சூடு அதிகம். வழியைத் திருத்துங்கள். அவசரப்பட்டு இதை விட்டவர்கள்தான் பிறகு டை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மறுபடி உட்காருகிறார்கள்.

8. டை போட்டு நிலையாக்குங்கள்

கனெக்டரின் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். முதல் டை கனெக்டருக்கு நான்கு விரல் தள்ளி. கனெக்டரை வெளியே இழுத்துச் செருகும்போது விழும் இழுவை இந்த டையில் நின்றுவிட வேண்டும், பேட்டரி வரை போகக்கூடாது. அந்த டைக்கும் கனெக்டருக்கும் நடுவில் ஒயர் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக வழிந்தால் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

அப்புறம் சாணுக்கு ஒரு டை. ஒயர் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும், மூலைக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. சேஸிஸ் குழாயில் நேராகக் கட்டாமல், முதலில் துணி டேப் ஒரு சுற்று சுற்றி அதன் மேல் கட்டினால் பெயின்ட் தேயாது. டையை ஒயர் நெளியும் அளவுக்கு இறுக்க வேண்டாம். ஒயரைக் கையால் தள்ளினால் நகரக்கூடாது, உறையில் பள்ளம் விழக்கூடாது, அவ்வளவுதான்.

டையின் வாலைக் கத்தரியால் வெட்டினால் ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டு நிற்கும். அது பிளேடு மாதிரி. அடுத்த தடவை கையை விட்டால் கிழிக்கும். நகவெட்டியால் ஒட்ட நறுக்கினால் மழமழவென்று இருக்கும்.

9. கடைசியாகப் பேட்டரி

சாவியை எடுத்துவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ் போல்ட்டைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். வண்டியின் சேஸிஸ் முழுக்க நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் சேஸிஸில் பட்ட உடனே பெரிய பொறி பறக்கும். மாட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

போல்ட்டை எடுத்ததும் உள்ளே இருக்கும் குட்டிச் சதுர நட்டு பள்ளத்தில் கீழே விழுந்துவிடும். போல்ட்டை மறுபடி போட்டால் மரை பிடிக்காது. புதியவர்கள் அரை மணி நேரம் போராடுவது இங்கேதான். ஒரு சின்ன ஸ்பான்ஜ் துண்டை நட்டுக்கு அடியில் செருகுங்கள். அது நட்டைத் தூக்கிப் பிடிக்கும். போல்ட் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்பான்ஜை அங்கேயே விட்டுவிடலாம்.

லக் வைக்கும் வரிசை முக்கியம். பேட்டரி முனையின் மேல் முதலில் வண்டியின் தடித்த ஒயர் லக். அதன் மேல் சார்ஜரின் மெல்லிய லக். எல்லாவற்றுக்கும் மேல் போல்ட் தலை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் பெரிய கரண்ட் தடித்த லக்கிலிருந்து நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். நடுவில் மெல்லிய லக்கை வைத்தால் தொடும் பரப்பு குறைந்து அந்த இடம் சூடாகும்.

பேட்டரி முனை ஈயம், மென்மையானது. இறுக்கமாக வைத்தால் போதும், முழு பலத்தையும் காட்ட வேண்டாம். மெல்லிய லக்கின் கழுத்து மேலே நீட்டிக்கொண்டு நிற்காமல், பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பாசிட்டிவ் மேல் இருந்த சிவப்பு ரப்பர் மூடி இப்போது முழுதாக மூடாது. ஓரத்தில் ஒரு சிறு கீறல் போட்டு, ஒயரை அதன் வழியாக விட்டு, மூடியை மறுபடி அமுக்குங்கள். மூடாமல் விட்டுவிட்டு சீட் மாட்டுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான தவறு.

10. ஃபியூஸ் போட்டு அளங்கள்

இப்போது ஃபியூஸைப் போடுங்கள். கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். எஸ்.ஏ.இ. எனப்படும் இரண்டு முனை கனெக்டர் என்றால், வண்டிப் பக்கம் ரப்பருக்குள் மறைந்திருக்கும் முனைதான் பாசிட்டிவாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிய உலோகம் நெகட்டிவ். சிவப்பு முனையை மறைந்த ஓட்டையில் வைத்தால், முன்னால் கழித்தல் குறி இல்லாமல், பேட்டரியில் நேராக அளந்தால் வரும் அதே எண் வர வேண்டும்.

கழித்தல் குறி வந்தால் எங்கோ மாறியிருக்கிறது. நீங்களாக கனெக்டர் ஒட்டியிருந்தால் இந்தத் தவறு வர நிறைய வாய்ப்பு. நீட்டிய உலோகம் பாசிட்டிவானால், மூடி கழன்ற ஒரு நாள் சேஸிஸில் பட்டு ஃபியூஸ் போகும். எண்ணே வரவில்லை என்றால் ஃபியூஸ் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் சார்ஜரை வண்டியில் செருகிவிட்டு, அப்புறம் சுவர் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்சை முதலில் அணையுங்கள். கனெக்டரில் பொறி பறக்காமல் இருக்க இதுதான் வரிசை. பத்து நிமிஷம் கழித்துப் பேட்டரி முனையில் அளந்தால், தொடக்கத்தில் குறித்ததைவிட வோல்டேஜ் ஏறியிருக்கும்.

11. தினமும் கவனிக்க வேண்டியவை

சார்ஜர் போடும்போது வண்டிச் சாவியைச் சார்ஜர் பிளக்கில் தொங்கவிடுங்கள். சார்ஜரைக் கழற்றாமல் வண்டியை எடுத்து ஒயரை அறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவி அங்கே இருந்தால் அது நடக்காது.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் மட்டும் போடுங்கள். பெரிய ஃபியூஸோ, கம்பி சுற்றியதோ வேண்டாம். ஃபியூஸ் தாங்காத காற்றடிக்கும் பம்ப் மாதிரியானவற்றை இந்த ஒயரில் மாட்டவும் வேண்டாம், இதன் வழியாக இன்னொரு வண்டியைக் கிளப்ப ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம்.

சர்வீஸுக்கு விடும்போது ஒயரைப் பற்றி வாயால் சொல்லி விடுங்கள். ஒரு முறை சர்வீஸிலிருந்து வந்த என் வண்டியில் பேட்டரியை மாட்டியவர் மெல்லிய லக் இரண்டையும் கழற்றி அப்படியே பக்கத்தில் விட்டிருந்தார். அவை என்ன என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதிலிருந்து பாசிட்டிவ் லக்கின் கழுத்தில் சிவப்பு ஹீட் ஷ்ரிங்கும், நெகட்டிவில் கருப்பும் போட்டு, ஃபியூஸ் பெட்டியின் மேல் 'சார்ஜர்' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் கனெக்டரின் மூடி மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட்டு வண்டியை ஒப்படையுங்கள்.